மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஊர்ப்பூனைகளுக்காக ஒரு குழு தொடங்கப் பார்க்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கல்லடி_ரீச்சர் | பெப்ரவரி 4

எல்லோருக்கும் வணக்கம். படிப்பித்து ஓய்வு பெற்று மூன்று வருடம், வீட்டில் நானும் என் கணவரும் 14 பூனைகளும். பூனை இல்லாத வீட்டில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அம்மம்மா வீட்டில் நெல் மூட்டைகளுக்குக் காவலாக எப்போதும் நாலைந்து நிற்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையைப் போடும் முன்பே குட்டிகளைத்தான் தேடுவேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு ஆறு வயது. ஓடுகள் பறந்த பிறகு எல்லோரும் பெரிய கட்டிலுக்குக் கீழே ஒண்டிக் கிடந்தோம். அந்தக் காற்றுக்குள்ளே எங்கள் சாம்பல் பெட்டை, மாட்டுக் கொட்டிலில் போட்டிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வித் தூக்கி வந்து அம்மம்மாவின் மடியில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பிப் போனது. நான்கு குட்டிகள், நான்கு தரம். அந்த நனைந்த முதுகு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு 2004. சுனாமி வந்து ஒன்பதாம் நாள் நாவலடியில் என் சித்தி வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போனோம். வீடு இல்லை. கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது, அதன் மேல் அவர்களுடைய வெள்ளைக் கடுவன் உட்கார்ந்திருந்தது. தூக்கி வந்தேன், பதினொரு வருடம் எங்களோடு இருந்தது. சித்தி வந்தால் அதைத்தான் முதலில் மடியில் எடுப்பா, ஒன்றும் பேச மாட்டா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பூனை பிடிக்கும் என்று ஊருக்கே தெரியும். அதனால் குட்டிகளைக் காட்போட் பெட்டியில், உர பேக்கில் போட்டு இரவோடு இரவாக எங்கள் கேற்றடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பெட்டி. பாலத்தடியிலும் மீன் விற்கும் இடத்திலும் இதே கதை. எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்து செய்யத் தயாராக இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் 8 பேர்ச் வெறுங்காணி கிடக்கிறது, அதில் கம்பி வலை அடித்துக் கூரை போட்டுப் பூனைகளுக்கு ஒரு கூடம் கட்டலாம் என்று நினைக்கிறோம். எத்தனை பூனை வைக்கலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நோய் வராமல் எப்படிப் பார்ப்பது, பதிவு எங்கே செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குறை இருந்தாலும் நேராகவே சொல்லுங்கள்.

சந்தைக்காரன்_கல்முனை | பெப்ரவரி 4

ரீச்சர், நேராகவே சொல்கிறேன், கூடம் கட்ட வேண்டாம்.

நான் கல்முனையில் மீன் கடை வைத்திருக்கிறேன். 2019 இல் நீங்கள் நினைத்ததைத்தான் நானும் செய்தேன். கடைக்குப் பின்னால் பழைய ஐஸ் பெட்டிகள் வைத்திருந்த இடத்தைத் துப்புரவாக்கி வலை அடித்து, சந்தைக்குள் கிடந்த குட்டிகளை எடுத்துப் போட்டேன். பத்தில் தொடங்கியது. இப்படி ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் சம்மாந்துறையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் கொண்டு வந்து தந்தார்கள், மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 31 ஆனது. ஒரு நாள் யாரோ தந்த கறுப்புக் குட்டி ஒன்று சாப்பிடாமல் தண்ணீர்க் கோப்பைக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டபடி இருந்தது, பிறகு மஞ்சளாக வாந்தி. பயணக் களைப்பு என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் 19 பூனைகள் செத்தன. காலையில் கடைக்குப் போகும் முன் தென்னைக்குக் கீழே குழி வெட்டுவேன், இரவில் வந்து பார்த்தால் இன்னும் இரண்டு கிடக்கும். அதை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்காது.

அன்பு இருந்ததால்தான் அத்தனையையும் ஒரே இடத்தில் சேர்த்தேன், சேர்த்ததால்தான் அத்தனையும் போனது. இப்போது வீட்டில் ஆறுதான். மற்றவை சந்தையிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து, குட்டி போடாமல் இருக்க ஒபரேஷன் செய்து அதே இடத்தில் விட்டுவிட்டோம், இரண்டு வருடம் எடுத்தது. 22 பூனைகள். போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு குட்டி கூடப் பிறக்கவில்லை. கூடம் கட்டும் காசை ஒபரேஷனுக்கு வையுங்கள் ரீச்சர்.

பால்மாட்டு_டொக்டர் | பெப்ரவரி 5

அம்பாறைப் பக்கம் வேலை செய்யும் மிருக வைத்தியன் நான். பேராதனையில் படித்தவன், மாடும் ஆடும் கோழியும்தான் என் அன்றாட வேலை, ஆனால் வீட்டில் மூன்று பூனை வளர்க்கிறேன்.

கல்முனை அண்ணன் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் அது பன்லூக்கோபீனியாவாகத்தான் இருக்க வேண்டும். நாய்க்கு வரும் பார்வோ வைரஸின் உறவு. வெள்ளை அணுக்களை அழித்துக் குடலையும் அரித்துவிடும், தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை தப்பாது. இதில் மோசமான விஷயம், அந்த வைரஸ் நிலத்திலும் கூட்டிலும் ஒரு வருடம் வரைக்கும் உயிரோடு இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சாகாது. வீட்டில் பாவிக்கும் ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிய பிறகு ஊற்றி, பத்து நிமிடம் ஊற விட வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாக மாறும் கிருமிநாசினிகளைப் பூனை நடமாடும் இடத்தில் பாவிக்கவே கூடாது. காலில் பட்டதை நக்கிவிடும், பூனையின் ஈரலுக்கு அதை வெளியேற்றத் தெரியாது.

புதிதாக வரும் எந்தக் குட்டியையும் 14 நாள் தனியாக வைத்திருங்கள். தனி அறை மட்டும் போதாது, தனிக் கோப்பை, தனிச் செருப்பு, கடைசியாக அதைத்தான் தொட வேண்டும். தடுப்பூசி எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தரம், 16 வாரம் வரைக்கும்.

இனி அடுத்தது. பூனையின் கர்ப்பம் ஏறக்குறைய ஒன்பது வாரம். ஒரு ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி. பெட்டைக் குட்டி நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம், அதாவது நீங்கள் குழந்தை என்று நினைத்துக் கொண்டிருக்கும்போதே. குட்டிக்குப் பால் கொடுத்துக் கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். குளிர் நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் இது நிற்கும், எங்கள் ஊரில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம், அதனால் ஓய்வே இல்லை. ஒரு பெட்டை வருடத்துக்கு மூன்று ஈற்று போடலாம். ரீச்சர் கேற்றடியில் வரும் பெட்டிகளுக்கு முடிவே இல்லாமல் இருப்பதற்குக் காரணம் மனிதர்களின் கல்நெஞ்சு மட்டும் இல்லை, இந்தக் கணக்கும்தான்.

ஒரு எச்சரிக்கை. சிலர் கருத்தடை ஊசி போதும் என்பார்கள், மலிவு என்பதால். ஹோர்மோன் ஊசி பூனைக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் முலையில் கட்டியும் கருப்பையில் சீழும் வரும். ஒபரேஷன்தான் சரி. ஒரு கிலோ நிறை வந்த, சுகமான குட்டிக்கே செய்யலாம்.

காத்தான்குடி_ராத்தா | பெப்ரவரி 5

ரீச்சர், உங்கள் சூறாவளிக் கதையை வாசித்து அழுதுவிட்டேன், என் உம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன்.

எங்கள் ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும், ஒரு வீட்டுக் கூரையில் ஏறினால் பூனை ஒழுங்கை முழுக்க நடக்கும். யாரும் பூனையை விரட்ட மாட்டார்கள். நபித் தோழர் அபூஹுரைரா என்ற பெயரின் அர்த்தமே பூனைக்குட்டியின் தந்தை என்பதுதானே. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஒபரேஷன் என்று சொன்னதும் தயங்கினார்கள், அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா என்று. நான் நேரே மௌலவி ஒருவரிடம் போய்க் கேட்டேன். அறிஞர்களுக்கிடையில் கருத்து வேறுபாடு இருக்கிறது, பெருகிக் கஷ்டப்படுவதைத் தடுக்கவும் பூனைக்குத் தீங்கு இல்லாமலும் செய்தால் ஆகும் என்று சொன்னவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினார். அதை ஒழுங்கையில் சொன்ன பிறகு ஐந்து வீட்டார் தாங்களாகவே பூனையைக் கொண்டு வந்து தந்தார்கள். கல்லடியிலும் கோயில் ஐயாவிடமோ வயதான யாரிடமோ முதலில் பேசுங்கள், பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் வேலை பாதி முடிந்தது.

பிடிப்பதைப் பற்றியும் சொல்கிறேன். மடியில் ஏறும் பூனைக்குக் கூடை போதும். கையில் சிக்காததுக்கு வெல்டிங் கடையில் சொல்லி இரண்டரை அடி நீளத்தில் கம்பிக் கூடு செய்வித்தோம், உள்ளே மிதித்தால் கதவு விழும். ஒரு கிழமை கதவைக் கட்டித் திறந்தபடி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள், பழகிவிடும். பிடிக்கும் நாளுக்கு முதல் நாள் இரவுச் சாப்பாடு கொடுக்காதீர்கள், பசியோடு வரும், மயக்க மருந்துக்கும் அதுதான் நல்லது. ஆனால் சின்னக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, டொக்டரிடம் கேளுங்கள். கதவு விழுந்த அந்தக் கணமே கூட்டைப் பழைய பெட்சீட்டால் மூடுங்கள். இருட்டானால் அடங்கிவிடும், மூடாவிட்டால் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக் கொள்ளும்.

ஒபரேஷன் மேசையிலேயே அடையாளத்துக்கு இடது காது நுனியை நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பதால் வலி தெரியாது. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பெட்டையை மறுபடியும் பிடித்துக் கொண்டு போய் வயிற்றைக் கிழிப்பீர்கள். எங்களுக்கு அப்படி ஒரு தரம் நடந்தது.

மணல்முற்றம் | பெப்ரவரி 7

நான் பூனை வளர்ப்பவன் இல்லை, அடிப்பவனும் இல்லை. இந்த இழையை மனைவி காட்டினாள், நானும் ரீச்சர் இருக்கும் பக்கம்தான்.

எங்கள் பக்கம் முற்றம் எல்லாம் கடற்கரை மணல். பூனைக்கு அதை விட நல்ல மலசலகூடம் கிடையாது. என் மகனுக்கு இரண்டு வயது, அந்த மணலில்தான் விளையாடுகிறான், மனைவி ஏழு மாதம். காலையில் நான் செய்யும் முதல் வேலை மணலைக் கிளறிப் பூனை மலம் பொறுக்குவது. இரவில் கடுவன்கள் கூரையில் சண்டை, பிள்ளை திடுக்கிட்டு எழும்பி அழுகிறான். குழு தொடங்குவது நல்லது, ஆனால் சாப்பாடு வைப்பவர்கள் தங்கள் வாசலில் வைக்கிறார்கள், அது கழிப்பது எங்கள் வாசலில். இதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

கல்லடி_ரீச்சர் | பெப்ரவரி 7

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உண்மையில் எனக்கு இது தோன்றவே இல்லை, என் பூனைகள் எங்கே போகின்றன என்று நான் ஒரு நாளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. நாளைக்கே எங்கள் காணியின் தென்கிழக்கு மூலையில் மண்ணைக் கொத்திப் புது மணல் கொட்டுகிறேன், மேலே கிடுகால் ஒரு சின்னக் கூரை. தினமும் காலையில் நானே அள்ளுவேன். உங்கள் பிள்ளை விளையாடும் இடத்துக்கு வலையோ படங்கோ போட்டு இரவில் மூடி வைக்க முடியுமா? செலவு நாங்கள் தருகிறோம்.

பால்மாட்டு_டொக்டர் | பெப்ரவரி 7

மணல்முற்றம் தம்பி சொன்னது முக்கியம், பூனை வளர்ப்பவர்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தில் வரும், கர்ப்பிணிக்கு முதல் தரமாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் பயந்து ஓட வேண்டியதில்லை. மலம் வெளியே வந்து ஒரு நாளாவது போன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே தினமும் அள்ளினால் ஆபத்து மிகவும் குறையும். அள்ளுவது நீங்கள், மனைவி இல்லை. அவர் தோட்ட மண்ணில் கை வைப்பதானால் கையுறை, மரக்கறியை நன்றாகக் கழுவுதல், இறைச்சியை நன்றாக வேக வைத்தல். பூனையைத் தடவியதால் வருவதை விட அரைவேக்காட்டு இறைச்சியாலும் மண்ணாலும் வருவதுதான் அதிகம். பிள்ளைக்கு மணலில் இருந்து வரக்கூடியது குடற்புழுக்கள், அதற்கு எங்கள் பக்கம் செய்ய வேண்டியது பூனைகளுக்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுப்பது.

கூரைச் சண்டைக்கும் மூத்திர வாடைக்கும் காரணம் ஒபரேஷன் செய்யாத கடுவன்கள்தான். செய்த சில வாரத்தில் குறையும்.

அப்புறம், குழுவில் எல்லோருக்கும்: பூனை கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தில் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் வரும். அறிகுறி தொடங்கினால் காப்பாற்ற முடியாது. நல்ல பூனைதானே என்று விடாதீர்கள். பிடிக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டுக் கொள்வது பற்றியும் அங்கே கேளுங்கள்.

வயல்காரன்_சம்மாந்துறை | பெப்ரவரி 11

ஸலாம். இடையில் புகுந்து ஒன்று கேட்கிறேன். மாரி வேளாண்மை வெட்டு நடக்கிறது, நேற்று மெசின் ஓடும்போது வரம்போரம் மூன்று பூனைக்குட்டி கிடந்தது, தாயைக் காணவில்லை. மகள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். சாதாரணக் குட்டியை விடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, சாம்பல் கலந்த மண்ணிறம், உடம்பில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி, நெற்றியில் கோடு, வால் கட்டை. தொட்டால் சீறுகிறது. ரீச்சர் குழு எடுத்துக் கொள்ளுமா?

பால்மாட்டு_டொக்டர் | பெப்ரவரி 11

நானா, உடனே படியுங்கள். அது வீட்டுப் பூனை இல்லை, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மீன்பிடிப் பூனையின் குட்டிகள் மாதிரி இருக்கிறது. காதின் பின்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இலங்கையில் சிறுத்தையைத் தவிர மூன்று காட்டு இனப் பூனைகள் உண்டு: மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துரும்பன் பூனை. மூன்றும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வளர்க்கக் கூடாது. ரீச்சரின் குழுவும் எடுக்கக் கூடாது. வீட்டுப் பூனையின் நோய் அதற்குத் தொற்றும், மனிதருக்குப் பழகினால் பிறகு காட்டில் பிழைக்காது.

தாய் செத்திருக்காது, மெசின் சத்தத்துக்கு ஒதுங்கியிருக்கும். வன ஜீவராசிகள் திணைக்களத்துக்கு இப்போதே அறிவியுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் மாலையில் வைத்துவிட்டு ஆட்கள் எல்லோரும் விலகி நிற்கச் சொல்வார்கள். பால் எதுவும் கொடுக்காதீர்கள்.

வயல்காரன்_சம்மாந்துறை | பெப்ரவரி 12

டொக்டர், காதில் வெள்ளைப் புள்ளி இருந்தது. அதிகாரிகளிடம் சொல்லி அவர்கள் வந்து பார்த்தார்கள். மாலை வாய்க்கால் பக்கத்துப் பற்றைக்குள் வைத்தோம், அந்தத் துண்டு நிலத்தை மட்டும் வெட்டாமல் விட்டேன். இன்று சுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன், மூன்றும் இல்லை, ஈரச் சேற்றில் பெரிய பூனையின் கால் தடம் இருந்தது. மகள் அழுதாள், ஆனால் அந்தத் தடத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

ஸ்காபரோ_தம்பி | பெப்ரவரி 14

ஆரையம்பதிதான் சொந்த ஊர், கனடா வந்து 20 வருடம். ரீச்சர், நானும் நண்பர்கள் நாலு பேரும் மாதாமாதம் அனுப்பத் தயார். கூடம் கட்டினாலும் அனுப்புவோம், ஒபரேஷன் என்றாலும் அனுப்புவோம். எந்தக் கணக்குக்கு அனுப்புவது?

சந்தைக்காரன்_கல்முனை | பெப்ரவரி 14

தம்பி, நல்ல மனது. ஆனால் ரீச்சரின் சொந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம், ரீச்சர் நீங்களும் வாங்க வேண்டாம். நான் ரீச்சரைச் சந்தேகப்படவில்லை. வெளிநாட்டுக் காசு வருகிறது என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும், நல்ல வேலை அதோடு நின்றுவிடும். எனக்கு நடந்தது. இப்போது நாங்கள் மிருக வைத்தியரின் பில்லைப் படம் எடுத்து அனுப்புவோம், காசு நேரே அவருக்குப் போகும். சாப்பாட்டுக்கு வெளிக்காசு எடுப்பதே இல்லை. கணக்குப் புத்தகம் கடை மேசையில் கிடக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஆள் கூடினால் பிரதேச செயலகத்தில் போய்ச் சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி விசாரியுங்கள், இரண்டு பேர் கையெழுத்தில் கூட்டு வங்கிக் கணக்கு திறக்கலாம். முதல் மாதமே அதற்கு ஓட வேண்டாம், முதலில் பத்துப் பூனையைச் செய்து முடியுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல். சூடை, கீரி மீன் மலிவான நாளில் வாங்கி உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாமல் அவித்து முள் எடுத்துச் சோற்றோடு பிசையுங்கள். மீன்தான் கூட, சோறு குறைய. வெறும் சோறும் குழம்பும் போட்டு வளர்த்தால் பூனைக்குக் கண் பழுதாகும், இதயமும் பழுதாகும், அதற்கு இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டோரின் என்ற சத்து வேண்டும். கருவாடு வேண்டாம். சின்ன வெங்காயமும் அதன் இரத்தத்துக்கு நஞ்சு.

கல்லடி_ரீச்சர் | மார்ச் 23

ஆறு கிழமையாக இங்கே எழுதவில்லை, ஆனால் எல்லாவற்றையும் வாசித்தேன், சொன்னபடியே செய்தேன். கூடம் கட்டவில்லை. அந்தக் காணி இப்போது பூனைகளின் மணல் மூலையாகிவிட்டது, மிச்சத்தில் வெண்டி போட்டிருக்கிறேன்.

முதலில் எண்ணினோம். எங்கள் ஒழுங்கையிலிருந்து பாலத்தடி வரைக்கும் நாலு பேரும் ஒரு கொப்பியோடு காலையிலும் மாலையிலும் நடந்து, நிறம், ஆண் பெண், யார் சாப்பாடு வைக்கிறார்கள் என்று எழுதினோம். என் வீட்டு 14 உட்பட 47. நூறுக்கு மேல் என்று நினைத்திருந்தேன். ஒரே பூனை மூன்று வீட்டில் மூன்று பெயரோடு சாப்பிடுகிறது, அதை மூன்றாக எண்ணியிருந்திருக்கிறோம். இந்த எண்ணிக்கை வந்த பிறகுதான் முடியும் என்ற நம்பிக்கையே வந்தது.

நகரில் ஒரு மிருக வைத்தியர் சனிக்கிழமைகளில் எங்களுக்கென்று காலை நேரத்தை ஒதுக்கித் தந்தார். இதுவரை 23 முடிந்தது, 16 பெட்டை, 7 கடுவன். கடுவன்களை ஒரு நாளும் பெட்டைகளை மூன்று நாளும் எங்கள் விறாந்தையில் கூட்டில் வைத்திருந்து பிடித்த இடத்திலேயே விடுகிறோம். முதலில் என் வீட்டுப் பூனைகளைத்தான் கொண்டு போனேன். அதில் ஒன்பது செய்யாமலே இருந்தன, இத்தனை வருடமாக அவற்றின் குட்டிகளும் அந்தப் பாலத்தடிக் கூட்டத்தில் சேர்ந்திருக்கும். இதை எழுதும்போது மனது கனக்கிறது.

இழப்பும் உண்டு. தாய் இல்லாத நான்கு குட்டிகள், கண் திறக்காதவை, வந்தன. ஒழுங்கைப் பிள்ளைகள் பாவம் என்று பசுப்பால் ஊற்றிக் கொண்டு வந்திருந்தார்கள், உடம்பு சில்லென்று இருந்தது. குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் சமிக்காது, முதலில் சூடேற்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு போய்விட்டன. மற்ற இரண்டுக்கும் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, குட்டிப் பால்மாவை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், குப்புறப் படுக்க வைத்து, மெதுவாகக் கொடுத்தோம். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு தரமும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவி மூத்திரம் போக வைக்க வேண்டும், தாய் நக்குவது அதற்குத்தான். என் கணவர், பூனை என்றால் தள்ளி நிற்கும் மனிதர், இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும்பிச் செய்தார். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதினார், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடினால் முகம் மலரும். இரண்டும் இப்போது ஓடித் திரிகின்றன.

இன்னொரு மரணம் என்னால் மறக்க முடியாது. அடுத்த ஒழுங்கையில் ஒரு வயதான அம்மா, காய்ச்சலோடு கிடந்த பூனைக்கு இரக்கப்பட்டு அரைப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்திருக்கிறா. எங்களிடம் சொல்லும்போது பூனையின் முகம் வீங்கி, முரசு நீலமாகிவிட்டது. வைத்தியரிடம் கொண்டு போகும் வழியிலேயே முடிந்தது. அந்த அம்மாவை யாரும் ஏசக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அன்பாகத்தான் கொடுத்தா. பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பலசரக்குக் கடையிலும் மருந்துக் கடையிலும் ஒட்டியிருக்கிறோம், நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரையும் சேர்த்து. கேற்றடியில் பெட்டி வைப்பது நின்றுவிடவில்லை, ஆனால் இந்த மாதம் ஒன்றுதான்.

இப்போது எனக்கு உதவி வேண்டும். பாலத்தடியில் ஒரு பெரிய கடுவன், செம்மஞ்சள், ஒரு காது கிழிந்தது, கன்னம் இரண்டும் உப்பி இருக்கும். மூன்று கிழமையாகக் கூட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. மூன்று சனிக்கிழமை வீணானது. என்ன செய்யலாம்?

காத்தான்குடி_ராத்தா | மார்ச் 23

ரீச்சர், அது மற்றப் பூனைகள் பிடிபட்டதைப் பார்த்திருக்கும், இனி அந்தக் கூட்டுக்குள் வராது. பெரிய பிளாஸ்டிக் பழக்கூடை ஒன்றை ஒரு பக்கம் தடியால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, தடியில் நீளக் கயிறு கட்டி, கீழே சுட்ட கீரி மீன் வையுங்கள். நான்கு பக்கமும் வெளி தெரிவதால் தைரியமாக வரும். தலை மட்டும் உள்ளே வந்ததும் இழுக்காதீர்கள், வாலும் உள்ளே போகட்டும். மேலே பாரமான பலகை வேண்டும், பெரிய கடுவன் கூடையைத் தூக்கிக் கொண்டே ஓடும்.

மணல்முற்றம் | மார்ச் 24

ரீச்சர், அந்தச் செம்மஞ்சள் கடுவன் பாலத்தடியில் சாப்பிடுகிறதே தவிர நித்திரை கொள்வது எங்கள் வீட்டு விறகுக் குவியலுக்கு மேலே. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அங்கேதான் கிடக்கும், எழும்பினால் நேரே தண்ணீர்த் தொட்டிக்கு வரும், நான் தினமும் பார்க்கிறேன். மனைவிக்குப் போன கிழமை பெண் பிள்ளை பிறந்தது, இரண்டு பேரும் சுகம். மகன் விளையாடும் மணலுக்கு நீங்கள் தந்த படங்கை இரவில் மூடுகிறோம், ஒன்றும் இல்லை இப்போது.

கூடையை எங்கள் வீட்டில் வைக்கலாம். கயிற்றைக் குசினி ஜன்னலுக்குள்ளே எடுத்து நானே பிடித்துக் கொண்டிருப்பேன்.

கல்லடி_ரீச்சர் | மார்ச் 24

தம்பி, பிள்ளைக்கும் தாய்க்கும் என் வாழ்த்து. நாளை மாலை வந்து கூடையைத் தந்துவிட்டுப் போகிறேன், மனைவிக்குச் சுறாப்புட்டும் கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உங்கள் ஒழுங்கையில் யாரும் வெளியே சோறு வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள், மற்ற வீடுகளுக்கு நான் சொல்கிறேன். மத்தியானம் மூன்றரைக்கு மீனைச் சுட்டுக் கொண்டு கூட்டோடும் பெட்சீட்டோடும் வருவேன், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்தியரிடம் முதல் இடம் அதற்குத்தான்.